4.5 டாக், 10.5 டாக்: குழந்தையின் கட்டிலுக்கு எந்த டூவே?

பிரிட்டனில் டூவே என்னும் பஞ்சுப் போர்வையின் மேல் அச்சிட்டிருக்கும் ‘டாக்’ எண், அதன் எடையை அன்று, உடற்சூட்டை வெளியேறவிடாமல் தடுக்கும் திறனையே குறிக்கிறது. 10.5 டாக் என்பது பெரியவர்கள் குளிர்காலத்தில் போர்த்துவது. ஹீட்டர் ஓடும் அறையில் அதற்குள் படுத்த மூன்று வயதுக் குழந்தை, நள்ளிரவில் பிடரி வியர்த்து, அதைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, விடியற்காலையில் குளிரில் சுருண்டு கிடக்கும். அத்தகைய அறைக்கு 4.5 டாக் போதும். குளிர் கூடினால் மேலே மெல்லிய கம்பளி ஒன்றை விரித்து, வேண்டாதபோது எடுத்துவிடலாம் என்பதால் என் தேர்வு அதுவே. (கை சில்லென்றிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம், கழுத்தின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள்.) ஹீட்டரே இல்லாமல் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும் அறையில், பள்ளி செல்லும் பிள்ளைக்கு 10.5 பொருந்தலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கோ இரண்டுமே கூடாது.