எந்த வினாத்தாள் எங்கள் பிள்ளைகளுக்குப் புரியும்? சலரோகமுள்ள சிறுவர்களின் வாழ்வை அளக்கும் மூன்று படிவங்கள், வன்னியில் இருந்து ஒரு பார்வை

என் பெறாமகளுக்குப் பதினொரு வயது. முதலாம் வகைச் சலரோகம் (நீரிழிவு) வந்து நான்கு வருடமாகிறது. தருமபுரத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் இருந்து, தமிழ்நாட்டுச் சிநேகிதி ஒருத்தி அனுப்பிய வினாத்தாளை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை உனக்கு வருத்தமாக இருந்தது?" என்று ஒரு கேள்வி. அவள் கொஞ்சமும் தயங்கவில்லை.

"எப்பவும்தானே சித்தி. இந்த வருத்தம் மாறாதெண்டு டொக்டர் சொன்னவர்."

கேள்வி கேட்டது மனத்துயரை. பிள்ளை பதில் சொன்னது நோயை. எங்கள் பக்கத்தில் காய்ச்சலும் வருத்தம், சலரோகமும் வருத்தம். தமிழ்நாட்டில் அது கவலை. அவள் சொன்னதை அப்படியே குறித்திருந்தால், நாள் முழுக்கச் சோகத்தில் மூழ்கிய பிள்ளையாக அந்தத் தாளில் இருந்திருப்பாள். அன்று அவள் என் பக்கத்தில் இருந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

நான் கணக்குப் படிப்பிக்கிறவள். அதனால் இந்தத் தவறின் அளவைப் போட்டுப் பார்த்தேன். பிள்ளைகளின் வாழ்வை அளக்க உலகில் அதிகம் பாவிக்கப்படும் படிவங்களில் ஒன்று பெட்ஸ்கியூஎல் (PedsQL). அதன் பொதுப் படிவத்தில் 23 கேள்விகள்: உடல் பற்றி 8, மனம் பற்றி 5, மற்றப் பிள்ளைகளோடு பழகுவது பற்றி 5, பள்ளிக்கூடம் பற்றி 5. கஷ்டம் "ஒருபோதும் இல்லை" என்பதற்கு 100 புள்ளி, "அநேகமாக எப்போதும்" என்பதற்கு 0, இடையில் 75, 50, 25. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். ஒரே ஒரு கேள்வி 100 இலிருந்து 0 க்கு விழுந்தால் மனம் பற்றிய பகுதியில் 20 புள்ளி போய்விடும், மொத்தத்தில் 4.35. சிறியதுதானே என்று விட முடியாது. பிள்ளை சொல்லும் மொத்தப் புள்ளியில் பொருட்படுத்த வேண்டிய மிகச் சிறிய மாற்றம் 4.4 என்று அந்தப் படிவத்தை உருவாக்கிய ஜேம்ஸ் வார்னியும் அவரது குழுவும் 2003இல் கணித்தார்கள். ஆக, தப்பாக விளங்கிய ஒரு சொல், ஒரு சிகிச்சை பலன் தந்ததாகவோ தராததாகவோ காட்டக் கிட்டத்தட்டப் போதுமானது.

சரி, எந்தப் படிவம்? வன்னியில் ஒரு கிளினிக் நாளை சலரோகப் பிள்ளைகளின் வாழ்வை இப்படி அளக்கத் தொடங்க நினைத்தால் எதை எடுக்கலாம் என்று பார்ப்போம். மூன்று மாத இரத்தச் சீனிக் கணக்கான எச்பிஏ1சி மட்டும் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்த எண் உடம்பின் கதையைச் சொல்லும், பள்ளிக்கூடத்தில் ஒளித்து ஊசி போடும் பிள்ளையின் கதையைச் சொல்லாது.

முதலாவது பெட்ஸ்கியூஎல்லின் சலரோகப் படிவம். 2003இல் வந்ததில் 28 கேள்விகள், 2018இல் திருத்தியதில் 33. பொதுப் படிவத்துக்கு மேலதிகமாக இதைக் கொடுப்பார்கள். பசி, விடாய், நடுக்கம், வியர்வை, சீனி இறங்குவது என்று அறிகுறிகளைக் கேட்கும். அப்புறம் விரலில் குத்துவது நோகிறதா, அம்மா அப்பாவோடு இதைப் பற்றிச் சண்டை வருகிறதா, டொக்டரிடம் மனதில் உள்ளதைச் சொல்லக் கஷ்டமா என்று போகும். இந்தக் கடைசிக் கேள்விக்காகவே எனக்கு இதைப் பிடிக்கும். கிளினிக்கில் எங்கள் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை, கேட்டதற்கு அம்மாதான் பதில் சொல்லுவா.

இதன் பெரிய பலம் வயது. ஐந்து வயதுப் பிள்ளையும் தானே பதில் சொல்லலாம். 5 முதல் 7 வயது வரை ஒருவர் வாசித்துக் காட்ட, சிரித்த முகம், நடு முகம், அழுத முகம் மூன்றில் ஒன்றைப் பிள்ளை தொட்டுக் காட்டும். 8 முதல் 12, 13 முதல் 18 என்று மேலும் தனித்தாள்கள். இரண்டு முதல் நான்கு வயதுக்குப் பெற்றோர் மட்டும்.

பலவீனம், அது அமெரிக்காவில் பிறந்தது. பொதுப் படிவத்தில் ஒரு புளொக் தூரத்துக்கு மேல் நடக்கக் கஷ்டமா என்று கேள்வி இருக்கிறது. எங்களுக்குப் புளொக் ஏது? தூரத்தைச் சந்தி, குளக்கட்டு, கோயில் வைத்துத்தான் சொல்லுவோம். தானாகக் குளிக்கக் கஷ்டமா என்று இன்னொன்று. கிணற்றில் அள்ளிக் குளிக்கும் வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை "ஓம், கஷ்டம்" என்றால் காரணம் கப்பியும் வாளியும். 2003ஆம் ஆண்டுச் சலரோகப் படிவத்தில் நோயைக் குறிக்கும் கைவளையம் அணிவது பற்றியும் கேட்டார்கள். அப்படி ஒன்றை நான் வன்னியில் எந்தப் பிள்ளையின் கையிலும் கண்டதில்லை.

இதைவிட எனக்கு நெருடுவது வேறு. சீனி பார்ப்பது கஷ்டமா என்ற கேள்விக்கு என் பெறாமகள் "இல்லை" என்றாள், முழுப் புள்ளி. மாதக் கடைசியில் அக்கா சீனி பார்க்கும் ஸ்ட்ரிப்பை எண்ணி எண்ணித்தான் பாவிக்கிறா. குறைவாகக் குத்துகிறவளுக்குக் குத்துவது குறைவான தொல்லைதானே. இல்லாமை இங்கே நல்ல புள்ளியாகப் பதிகிறது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானையில் இன்சுலினைக் குளிராக வைத்துக் காப்பாற்றும் பாடும் இந்தப் புள்ளிக்குள் வராது.

இரண்டாவது டிஸாப்கிட்ஸ் (DISABKIDS). ஐரோப்பாவில் ஏழு நாடுகள் சேர்ந்து உருவாக்கியது. ஒரு மொழியில் எழுதிவிட்டு மற்றவற்றுக்கு மாற்றாமல், தொடக்கத்திலேயே பல மொழிப் பிள்ளைகளைக் கேட்டு ஒரே நேரத்தில் கட்டினார்கள். மொழி தாண்டி அளப்பதற்கு இதுதான் நேர்மையான வழி என்று நினைக்கிறேன். நீண்டகால நோயுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் 37 கேள்விகள், சுருக்கத்தில் 12, சின்னவர்களுக்கு முகப்படங்கள். சலரோகத்துக்குத் தனியாக 10.

மற்றவர்கள் உன்னை உற்றுப் பார்க்கிறார்களா, ஆசிரியர்கள் உன்னை வேறு மாதிரி நடத்துகிறார்களா, மற்றப் பிள்ளைகளில் இருந்து வேறுபட்டவள் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கும். விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தால் "உனக்கு வேண்டாம், மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு" என்று சொல்லும் ஆசிரியர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். நானும் ஆசிரியை என்பதால் இதை வெட்கத்தோடு எழுதுகிறேன். ஒரு பிள்ளையின் நாளைக் கெடுப்பது பல நேரம் ஊசியைவிட இந்தப் பேச்சுத்தான்.

பல கேள்விகளில் "உன்னுடைய நோயால்" என்று சேர்த்தே கேட்பதும் டிஸாப்கிட்ஸின் தனித்தன்மை. வன்னியில் இது இருபக்கமும் வெட்டும். பிள்ளையின் சோகத்துக்கு இங்கே நோய் மட்டும் காரணமாக இருப்பதில்லை. வெளிநாட்டில் அப்பா, கடன், 2009இல் இழந்தவர்களைச் சொல்லி இரவில் அழும் அம்மம்மா. எது நோயால் வந்தது என்று பிரித்துச் சொல்லப் பதினைந்து வயதில் முடியலாம், எட்டு வயதில் முடியுமா? பிரிக்காமல் கேட்டாலோ முழு வன்னியின் பாரத்தையும் சலரோகத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். அந்தப் பெயரையும் தமிழாக்கி முகப்பில் போடக் கூடாது. கையும் காலும் இழந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் மண்ணில், இயலாமையைச் சொல்லும் ஒரு சொல்லைத் தாளின் மேலே கண்டால் அம்மாமார் அந்த இடத்திலேயே பின்வாங்கிவிடுவார்கள்.

மூன்றாவது டிகியூஓஎல்வை (DQOLY). பதின்ம வயதினருக்காக 1991இல் வந்தது, பிறகு 2006இல் 21 கேள்விகளாகச் சுருக்கினார்கள். மொழி கடந்து பாவித்ததில் இதற்குப் பெரிய வரலாறு உண்டு. சிறுவர் சலரோகத்தை ஆராயும் பன்னாட்டு ஹ்விடோரே ஆய்வுக் குழு 17 நாடுகளில் 2,101 பிள்ளைகளிடம் இதைக் கொடுத்து 2001இல் முடிவை வெளியிட்டது. சீனி நல்ல கட்டுப்பாட்டில் இருந்த பிள்ளைகள் வாழ்வும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளைவிடக் கூடுதலாகக் கவலைப்பட்டார்கள். 1991ஆம் ஆண்டு நீண்ட படிவத்தில் கலியாணம் நடக்குமா, பிள்ளை பிறக்குமா என்று யோசிப்பது உண்டா என்றும் கேட்டிருந்தார்கள். பெட்டைப் பிள்ளைக்குச் சலரோகம் என்றதும் ஊருக்குத் தெரியாமல் மூடி வைக்கும் எங்கள் வீடுகளுக்கு இந்தக் கேள்வி நெஞ்சில் குத்தும். ஆனால் பத்து வயதுக்குக் கீழ் இது உதவாது. அத்தோடு கதை முடிந்தது.

இனி மொழிக்கு வருவோம். எந்தப் படிவத்தை எடுத்தாலும் தமிழ்நாட்டுத் தமிழில் உள்ளதைக் கொண்டுவருவதா, இங்கே புதிதாகச் செய்வதா? செலவும் நேரமும் முதலாவதுக்குச் சாதகம். எழுத்து ஒன்று, இலக்கணம் ஒன்று, எல்லோரும் வாசிப்பார்கள். வாசித்து விளங்குவது என்ன என்பதில்தான் ஆபத்து. எங்களுக்குச் சர்க்கரை வேறு, சீனி வேறு. "சர்க்கரை நோய்" என்றதும் பொங்கல் பானைதான் பிள்ளையின் நினைவுக்கு வரும். தாகத்தை விடாய் என்போம், கேலியைப் பகிடி என்போம். "யோசிக்காதே" என்றால் கவலைப்படாதே என்று பொருள். ஆகவே எதிர்காலம் பற்றிய பயத்தைக் கேட்கும் கேள்விக்கு "யோசிக்கிறனியா" என்பதும், மனத்துயரைக் கேட்கும் கேள்விக்குக் "கவலையா இருந்ததா" என்பதும் பொருந்தும். வன்னிக்குள்ளும் தமிழ் ஒன்றல்ல. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் முஸ்லிம் கிராமங்களும் இங்கே உண்டு, அவர்கள் பேச்சும் வேறு. ஒரு சொல்லைத் தீர்மானிக்க முன் அந்தப் பிள்ளைகளையும் கேட்க வேண்டும்.

"வாழ்க்கைத் தரம்" என்ற தலைப்புக்கூட இங்கே சரிவராது. அம்மாமாரிடம் அதைக் கேட்டால் வீட்டுத்திட்டமும் வருமானமும்தான் பதிலாக வரும்.

சிகிச்சைகளின் செலவையும் பயனையும் ஆராயும் பன்னாட்டு அமைப்பான ஐஎஸ்பிஓஆர் (ISPOR) 2005இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு நெறிகளில் படிகள் தெளிவாக இருக்கின்றன. இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்ப்பார்கள், இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவார்கள், அதை மூலத்தைப் பார்க்காத ஒருவர் திரும்ப மூல மொழிக்கு மாற்றுவார், கடைசியில் 5 முதல் 8 பேரை இருத்தி "இந்தக் கேள்வி உனக்கு என்ன சொல்லுது?" என்று கேட்பார்கள். செலவைக் குறைக்க நினைப்போர் முதலில் வெட்டுவது இந்தக் கடைசிப் படியைத்தான். "வருத்தம்" என்ற சொல் அதற்கு முன்னுள்ள எல்லாப் படிகளிலும் தப்பிவிடும். படித்த ஒருவர் அதைத் துயரம் என்றே திருப்பி மொழிபெயர்ப்பார், தாளில் எல்லாம் சரியாக இருக்கும். பிடித்துக் கொடுக்கக் கூடியது பிள்ளையின் வாய் மட்டும்தான்.

வவுனியாவில் இன்னொரு சிக்கல். ஒரே கிளினிக் வாங்கில் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் பக்கத்தில் இருப்பார்கள். பெட்ஸ்கியூஎல் பொதுப் படிவத்தின் சிங்கள வடிவத்தை இலங்கைச் சிறுவர்களிடம் சோதித்து 2012இல் வெளியிட்டிருக்கிறார்கள். அதனால் இரு மொழிப் புள்ளிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆசை வரும். அதற்கு முன் ஒரு சோதனை வேண்டும். மொத்தத்தில் ஒரே நிலையில் உள்ள இரு மொழிப் பிள்ளைகளை எடுத்து, எந்தக் கேள்வி ஒரு பக்கம் மட்டும் சரிகிறது என்று பார்ப்பது. சரிகிற கேள்வி பிள்ளையைப் பற்றி அல்ல, தன் மொழிபெயர்ப்பைப் பற்றித்தான் சொல்கிறது.

என் தெரிவு பெட்ஸ்கியூஎல்லின் 2018 சலரோகப் படிவம். ஐந்து வயதில் தொடங்கிப் பள்ளிக்கூடம் முடியும் வரை ஒரே வரிசைத் தாள்களால் ஒரு பிள்ளையைத் தொடரலாம் என்பதுதான் காரணம். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது, எனவே அனுமதி கேட்டு வன்னித் தமிழில் புதிதாகச் செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒதுக்கப்படுவதைப் பார்க்க டிஸாப்கிட்ஸின் 12 கேள்விகளைப் பெரிய பிள்ளைகளுக்குச் சேர்க்கலாம். பெற்றோர் தாளும் வேண்டும், ஆனால் அது பிள்ளையின் தாளுக்குப் பதிலாகாது. சலரோகமுள்ள பிள்ளைகளின் வாழ்வைப் பெற்றோர் பிள்ளைகளைவிட மோசமாகக் காண்பது பல நாடுகளில் கண்டது. அக்காவும் அப்படித்தான். ராத்திரி மூன்று மணிக்கு எழும்பி மகளின் நெற்றி வியர்த்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறவ வேறு எப்படிப் பதில் சொல்லுவா?

அன்று மாங்காய் முடிந்த பிறகு அதே கேள்வியைச் சொல் மாற்றிக் கேட்டேன். "போன மாசம் உனக்குக் கவலையா இருந்ததா?"

இம்முறை அவள் யோசித்தாள். விரலை மடக்கி எண்ணினாள். "ரெண்டு தரம் சித்தி" என்றாள். "ஓட்டப் போட்டிக்கு விடேல்லை எண்டு ஒருக்கா. மற்றது சொல்ல மாட்டன்."