மேடையை விட்டு லைவ் ஸ்ட்ரீமுக்கு வந்த இசைக்கலைஞர்கள்: பல வருடம் பார்த்த ரசிகனின் அனுபவம்

2020 லாக்டவுனில் கச்சேரிகள் நின்றபோது இசைக்கலைஞர்களின் லைவ் ஸ்ட்ரீம்களைப் பார்க்க ஆரம்பித்தேன். இன்றுவரை விடவில்லை. பிரபலங்கள் அதற்கு முன்பே எட்டிப் பார்த்ததுண்டு. 2018 மார்ச்சில் ராப்பர் டிரேக், நிஞ்ஜா என்ற பிரபல கேம் ஸ்ட்ரீமரோடு ஃபோர்ட்நைட் வீடியோ கேம் ஆடியதை, லைவ் ஸ்ட்ரீம் தளமான ட்விட்சில் ஒரே நேரத்தில் 6 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஆனால் அது ஒருநாள் பரபரப்பு. என்னை உட்கார வைத்தது தினசரி உழைப்பு.

டிரிவியம் என்ற மெட்டல் இசைக்குழுவின் பாடகரும் கிட்டாரிஸ்டுமான மேட் ஹீஃபி தன் பயிற்சியையே ஸ்ட்ரீம் ஆக்கினார். லிங்கின் பார்க் ராக் குழுவின் மைக் ஷினோடா, பார்வையாளர்கள் சொன்ன யோசனைகளை வைத்து லைவில் இசையமைத்து, 2020-லேயே 'டிராப்ட் ஃபிரேம்ஸ்' என்று ஆல்பமாகவும் வெளியிட்டார். கச்சேரியில் நாம் கேட்பது தேறிய பாட்டை மட்டும்தான். இங்கே விரல் தடுக்குகிறது, தாளம் தட்டும் மெட்ரோனோமின் வேகம் குறைகிறது, அதே நான்கு பார் (தாளச் சுற்று) திரும்பத் திரும்ப வருகிறது. கிட்டார் பழகுகிற யாருக்கும் இது பெரிய வரம்.

தாமதத்துக்கு மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். சாட்டில் நாம் கேட்டது கலைஞர் கண்ணில் பட்டுப் பதில் வரச் சில விநாடிகள் ஆகும். கைதேர்ந்த கலைஞர்கள் பார்வையாளர்களிடம் கேள்வியைப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை கிட்டாரில் ஒரு கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) மெல்ல மீட்டிக்கொண்டே இருப்பார்கள். மேடைப் பழக்கத்தில் உடனே கைதட்டலை எதிர்பார்ப்பவர்கள் அந்த மௌனத்தில் தடுமாறிப் போகிறார்கள்.

பணம் கட்டுமுன் ஒரு மாதமாவது இலவசமாகப் பாருங்கள். புது ஆல்பம் வரும்போது மட்டும் தலைகாட்டிவிட்டு மறைந்துபோன ஒரு பிரபலத்துக்கு நானும் மாதக்கணக்கில் சந்தா கட்டினேன். கோபம் இன்னும் ஆறவில்லை. சொன்ன கிழமை, சொன்ன நேரத்துக்கு வருபவருக்குக் கொடுங்கள்.

பெரிய குறை பதிப்புரிமைதான். 2020-இல் பதிப்புரிமை மீறல் என்று ஸ்ட்ரீமர்களுக்கு நோட்டீஸ்கள் குவிந்ததும் பலர் பழைய கிளிப்புகளையெல்லாம் அழித்தார்கள். 2021 பிப்ரவரியில் பிளிஸ்கான்லைன் என்ற இணையவழி கேம் விழாவில் மெட்டாலிகா ராக் குழு வாசித்துக்கொண்டிருந்தபோதே, ட்விட்சின் சொந்த கேமிங் சேனலில் அவர்கள் ஒலிக்குப் பதிலாக ஏதோ பின்னணி இசை ஓடியது. மெட்டாலிகாவின் பாட்டை மெட்டாலிகாவே வாசித்தும் இந்தக் கதி! இசை நிறுவனங்களான லேபிள்களும் ஸ்ட்ரீம் தளங்களும் உட்கார்ந்து பேசி இதைத் தீர்த்தே ஆகவேண்டும். அதுவரை பிடித்த ஸ்ட்ரீமை லைவிலேயே பார்த்துவிடுங்கள். பதிவில் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் நல்ல பகுதி மியூட் ஆகியிருக்கும், சில வாரங்களில் பதிவே காணாமல் போயிருக்கும்.