ஹெலிகாப்டர் ஓட்டிப் பழக சைமா எஸ்107ஜி வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ரிமோட் ஹெலிகாப்டரைத் தொட்டதே இல்லை, ஆனால் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆசை என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரே ஒரு நிபந்தனை, இது வீட்டுக்குள் ஓட்டுவதற்கானது. கடலூர் சில்வர் பீச்சில் பறக்கவிடலாம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

ஏனென்றால் இதன் ரிமோட், டிவி ரிமோட் போல அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்வது, நல்ல வெயிலில் சிக்னல் போய்ச் சேராது. அப்புறம் காற்று. மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிட்டால் இங்கே கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானத்தில்கூட இவ்வளவு லேசான பொருளை நிறுத்தி வைக்க முடியாது. ஹாலில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, வெயில் விழும் ஜன்னலுக்குத் திரை போட்டு, சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். ஃபேனை மறக்கவே கூடாது, அதன் காற்றுக்குக் கீழே போனாலே ஹெலிகாப்டர் தரையில் அடிக்கும்.

பழகுபவருக்கு இது ஏன் ஏற்றது என்றால், மேலே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சோடி இறக்கைகள் எதிரெதிராகச் சுற்றுகின்றன. ஒரே ஒரு சோடி இருந்தால் அது சுற்றும்போது உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும், அதை வாலில் உள்ள விசிறி தடுக்க வேண்டும். இதில் இரண்டு சோடியும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன, மிச்சம் இருப்பதை, திரும்புவதை உணர்ந்து தானே சரிசெய்யும் கைரோ பார்த்துக்கொள்கிறது. அதனால் இடது ஸ்டிக்கை மெதுவாக ஏற்றினால் அது பாட்டுக்கு எழும்பி ஓர் இடத்தில் நிற்கும், உங்கள் கவனம் முழுக்க உயரத்தின் மேலேயே இருக்கலாம். தானாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் ரிமோட்டில் உள்ள ட்ரிம் என்ற சின்னக் குமிழைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம்.

கஷ்டமான பாடம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. வால் உங்களைப் பார்த்து இருக்கும்வரை எல்லாம் சுலபம். மூக்கு உங்களைப் பார்த்துத் திரும்பியதும் இடது வலதாகிவிடும், கை பழைய பழக்கத்தில் போகும், ஹெலிகாப்டர் சுவரை நோக்கிப் போகும். அந்த நேரத்தில் எதையும் காப்பாற்ற முயலாமல் உடனே இடது ஸ்டிக்கை முழுக்க இறக்கிவிட வேண்டும். இறக்கை எங்காவது சிக்கியிருக்கும்போது மோட்டார் ஓடினால்தான் மோட்டாரும் பல்சக்கரமும் கெடும், வெறுமனே விழுவதால் இதற்கு பெரிதாக ஒன்றும் ஆகாது, உடல் உலோகச் சட்டம்.

இறக்கை உடைந்தால் மாற்றுவது எளிது, சின்ன ஸ்க்ரூ டிரைவர் போதும். மேல் சோடியும் கீழ் சோடியும் ஒன்றல்ல, மாற்றிப் போட்டால் எழும்பாது. ஸ்க்ரூவை இறுக்கி முறுக்காமல் இறக்கை இப்படியும் அப்படியும் ஆடும் அளவுக்கு விடுங்கள், இறுக்கினால் பறக்கும்போது நடுங்கும். பெயர் தெரியாத பொம்மை ஹெலிகாப்டரைவிட இதை நான் சிபாரிசு செய்வதற்கு இந்த உதிரி பாகம் கிடைப்பதும் முக்கிய காரணம்.

பேட்டரி 3.7 வோல்ட், 150 எம்ஏஎச் லித்தியம் பாலிமர், ஏழெட்டு நிமிடம் பறக்கும். பறந்து இறங்கியதும் சூடாக இருக்கும்போதே சார்ஜ் போடாதீர்கள், சார்ஜ் போட்டுவிட்டு வெளியே போகவும் கூடாது. ரிமோட்டிலிருந்தே சார்ஜ் ஏற்றலாம், ஆனால் ஆறு ஏஏ பேட்டரியும் சீக்கிரம் காலியாகும், யுஎஸ்பி வயரே மேல்.

குறை என்றால், பக்கவாட்டில் நகராது. மேலே கீழே, முன்னே பின்னே, இடம் வலம் திரும்புவது, அவ்வளவுதான். நிஜ ஹெலிகாப்டர் போல சாய்ந்து போக நான்கு சேனல், அதாவது பக்கவாட்டுக்கும் தனியாக ஒரு கட்டுப்பாடு வேண்டும். மூக்கு உங்களைப் பார்த்து இருக்கும்போதும் கை தடுமாறாமல் ஹாலைச் சுற்றி வர முடிகிறதென்றால் டபிள்யூஎல்டாய்ஸ் வி911எஸ் மாதிரி 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் ஓடும் நான்கு சேனல் ஹெலிகாப்டர் ஒன்றுக்குப் போங்கள், அதை விடியற்காலையில் காற்று எழும் முன் மைதானத்திலும் ஓட்டலாம். புதுச்சேரிக்காரர்கள் மட்டும் வெளியே எடுக்கும் முன் எங்கே ட்ரோன் பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள், லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது.