பழைய பிளாட்டை இடித்துக் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு: வருகைத் தாளில் போட்ட கையெழுத்து சம்மதமாக மாறிய கதை

சென்னையில் 1980களில் கட்டிய அடுக்குமாடிகள் ஒவ்வொன்றாக இடிபட்டு வருகின்றன. கம்பி துருவேறி, சீலிங் பெயர்ந்து விழும் கட்டடத்தை இடித்துக் கட்டுவதில் தவறில்லை. ஆனால் தென்சென்னையில் 5 கிரவுண்டு மனையில் இருந்த 24 வீட்டுக்காரர்களுக்கு நேர்ந்தது இன்னொரு குடியிருப்புக்கு நேரக் கூடாது.

முதல் கூட்டத்துக்கு ‘உரிமையாளர்கள் கருத்துக் கேட்பு’ என்று பெயர். லிஃப்ட், ஜிம், மொட்டைமாடித் தோட்டம் என்று பில்டர் தரப்பு திரையில் படம் காட்டியது. வரைபடம், பரப்பளவுக் கணக்கு, ஒப்பந்த வரைவு எதுவும் வரவில்லை. வந்தவர்கள் ஒரு தாளில் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். தாளின் மேல்பகுதி காலியாக இருந்தது. சில வாரங்களில் அதே தாள், மறுகட்டுமானத்துக்கும் அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் சம்மதம் என்ற தலைப்போடு வெளியே வந்தது. அதில் 17 கையெழுத்துகள்.

17 ஏன் போதும்? 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022இன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். 24 வீட்டுக்கு அது 16. ஒரே ஒருவர் மறுத்து மற்ற எல்லோரையும் இடியும் கட்டடத்தில் உட்கார வைத்த நிலையை இந்தச் சட்டம் மாற்றியது, அது நல்லதுதான். ஆனால் பில்டர் 16 பேரைப் பிடித்தால் போதும், மீதி எட்டுப் பேரிடம் பேசவே தேவையில்லை என்ற வழியும் அதனால் திறந்திருக்கிறது.

ஆகவே உதிரித் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். பக்க எண் இட்ட தீர்மானப் புத்தகத்தில் முதலில் நிகழ்ச்சி நிரலை எழுதி, ‘இது வருகைப் பதிவு மட்டுமே’ என்று குறித்து, அதன் கீழ் கையெழுத்திடுங்கள். மிச்ச வரிகளில் குறுக்குக்கோடு போட்டு, அன்றைக்கே படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். சம்மதம் என்பது வீட்டுக்கொரு தனிக் கடிதம். அதில் யூடிஎஸ், அதாவது நிலத்தில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கின் அளவு இருக்க வேண்டும். பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரில் என்றால் இருவரும், உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கடிதமும் ஒப்பந்த வரைவைப் படித்த பிறகுதான்.

அடுத்தது பரப்பளவு. ‘இப்போது 680 சதுர அடி, புதிதாக 850, அதாவது 25 சதவீதம் கூடுதல்’ என்றார்கள். பழைய 680 என்பது பெரும்பாலும் சுவர்களையும் சேர்த்த வீட்டின் அளவு. அதில் உள்ளே புழங்கும் இடம் ஏறக்குறைய 578. புதிய 850இல் நடைபாதை, லிஃப்ட், படிக்கட்டு, ஜிம் எல்லாவற்றின் பங்கும் சேர்ந்திருந்தது. அதன் கார்பெட் ஏரியா, அதாவது உள்ளே புழங்கும் இடம், 595. உண்மையில் கூடியது 17 சதுர அடி. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்பெட் ஏரியாவுக்குத் தெளிவான வரையறை தருகிறது: உள் தடுப்புச் சுவர்கள் சேரும், வெளிச்சுவர், பால்கனி, குழாய் செல்லும் ஷாஃப்ட் சேராது. பழைய வீட்டையும் இதே முறையில் டேப் வைத்து அளந்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இந்தத் திட்டத்தைக் கவிழ்த்தது சாலை அகலம். மனை 12,000 சதுர அடி. அடிப்படை எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2.0 என்றால் 24,000 சதுர அடி கட்டலாம். பழைய உரிமையாளர்களுக்கே 24 × 850, அதாவது 20,400 போய்விடும். மிச்சம் 3,600ஐ விற்று எந்த பில்டரும் 24 வீடு கட்டித் தர முடியாது. அவர் நம்பியது பிரீமியம் எஃப்எஸ்ஐயை. 9 முதல் 12 மீட்டர் வரையுள்ள சாலைக்குக் கட்டணம் செலுத்தி 30 சதவீதம் கூடுதலாக வாங்கலாம். அப்போது 31,200, அவருக்கு 10,800. பத்திரத்தில் ‘30 அடி சாலை’ என்று இருந்தது. இடத்தில் அளந்தபோது ஓரிடத்தில் 8.7 மீட்டர். 9க்குக் கீழே போனால் பிரீமியம் இல்லை. சர்வேயரை அழைத்து மனையையும் சாலையையும் முதலிலேயே அளந்திருந்தால், சில ஆயிரம் ரூபாய் செலவில் தெரிந்திருக்கும்.

அனுமதி கைக்கு வரும் முன்பே வீடுகளைக் காலி செய்ய வைத்து இடித்தும் விட்டார்கள். வாடகைப் பணம் 18 மாதத்துக்கு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கட்டி முடிக்கும் காலமோ ‘திட்ட அனுமதி கிடைத்த நாளிலிருந்து 24 மாதம்’. அனுமதி வரவில்லை, அதனால் கெடு தொடங்கவே இல்லை. வாடகை மட்டும் நின்றது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் இப்போது கைக்காசில் வாடகை கட்டுகிறார்கள்.

சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதியும் கட்டட உரிமமும் கையில் வரும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். வாடகை, பணி நிறைவுச் சான்றும் மின் இணைப்பும் பெற்றுப் புதிய சாவி தரும் நாள்வரை ஓட வேண்டும். ஆண்டுதோறும் எவ்வளவு உயரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பில்டர் பாதியில் வேலையை நிறுத்திவிட்டால் நீங்கள் பணம் எடுத்துக்கொள்ள வங்கி உத்தரவாதம் கேளுங்கள். தரத் தயங்குகிறவரிடம் நிலத்தைத் தரக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

பவர் பத்திரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. இந்த 24 பேர் கொடுத்தது முழு பவர். விற்கலாம், அடமானம் வைக்கலாம் என்று இரண்டும் ஒரே வரியில் இருந்தன. மனை முழுவதும் ஒரு நிதி நிறுவனத்திடம் அடமானத்தில் இருப்பது, ஒருவர் தற்செயலாக வில்லங்கச் சான்று போட்டபோதுதான் தெரிந்தது. திட்ட அனுமதி, மின்சாரம், குடிநீர் விண்ணப்பங்களுக்கு மட்டும் முதலில் பவர் கொடுங்கள். விற்கும் அதிகாரம் பில்டர் பங்கு யூடிஎஸ்ஸுக்கு மட்டும், அதுவும் கட்டட வேலை முன்னேற முன்னேறப் பகுதி பகுதியாக. உரிமையாளர் பங்கை அடமானம் வைக்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

எந்த மாடி, எந்தப் பக்கம், எந்த கார் பார்க்கிங் என்பதை வரைபடத்தில் எண் போட்டு ஒப்பந்த இணைப்பில் சேர்த்துவிடுங்கள். இதை எழுதாமல் விடும்போதுதான் தரைத்தள முதியவரை ஐந்தாம் மாடிக்கு அனுப்புகிறார்கள். ஜிஎஸ்டி யார் பொறுப்பு என்பதையும் எழுதிவிடுங்கள்.

ஏற்கெனவே காலித் தாளில் கையெழுத்திட்டவர்கள், ‘அது வருகைக்காக மட்டும் இட்டது, சம்மதம் அல்ல’ என்று சங்கத்துக்கும் பில்டருக்கும் சிஎம்டிஏவுக்கும் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். அனுமதி கிடைத்த பிறகு அனுப்புவதைவிட முன்பே அது கோப்பில் ஏறுவது நல்லது. விண்ணப்பத்துடன் தாக்கலான சம்மதக் கடிதங்களின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பவரும் கொடுத்துவிட்டிருந்தால் நீங்களாக ரத்துப் பத்திரம் எழுதக் கிளம்பாதீர்கள். பில்டர் பணம் போட்டிருக்கும் பவரை ஒருதலையாக ரத்து செய்வது பெரும்பாலும் நிற்காது. சொத்து வழக்கு பார்க்கும் வழக்கறிஞரிடம் ஒப்பந்தம், பவர், புதிய வில்லங்கச் சான்று மூன்றையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.