ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்கு எக்செல் பதிவேடு: நாள்பட்ட பயன்பாட்டில் கண்டவை

ஹெபடைடிஸ் சி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்க, தனி மென்பொருள் இல்லாத கிளினிக்குக்கு எக்செல் தாளே போதும். ஆனால் ‘நிலை’ என்று ஒரே ஒரு கட்டம் வைத்து ஓட்டினால் ஆட்கள் கைநழுவிப் போவார்கள். ‘சிகிச்சையில்’ என்று குறித்தவர், மாத்திரையை விட்டு மாதக்கணக்கான பிறகும் அப்படியே கிடப்பார். ‘அடுத்து என்ன’, ‘எந்தத் தேதிக்குள்’ என்ற இரண்டு கட்டங்களைச் சேர்த்து, காலையில் தேதிவாரியாக அடுக்குங்கள். கூப்பிட வேண்டியவர்கள் மேலே வந்துவிடுவார்கள்.

அதிகம் பேர் தொலைவது ஆன்டிபாடி பரிசோதனைக்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனைக்கும் நடுவில்தான். ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் எப்போதோ தொற்று வந்திருக்கிறது, அவ்வளவே. சிலருக்கு அது தானாகவே போயிருக்கும். இப்போது வைரஸ் இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ.தான் சொல்லும். முதல் நாளே அதற்கும் சேர்த்து ரத்தம் எடுத்துவிட்டால் இந்த ஓட்டை அடைபடும்.

ஆர்.என்.ஏ. கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுத விடவே கூடாது. ஒருவர் ‘வைரஸ் இல்லை’ என்று எழுதியதை இன்னொருவர் ‘டெஸ்ட் இன்னும் இல்லை’ என்று படிப்பார். ‘எடுக்கவில்லை’, ‘ரிசல்ட் வரவில்லை’, ‘தென்படவில்லை’, ‘தென்பட்டது’ என்று நான்கே தேர்வுகள் வையுங்கள்.

மாத்திரை தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி ரிசல்ட், ஃபிப்-4 மதிப்பெண் (கல்லீரல் தழும்பின் அளவைக் கணிப்பது), சாப்பிடும் மற்ற மருந்துகள் மூன்றும் நிரம்பியிருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி சேர்ந்திருந்தால் சிகிச்சையின்போது அது கிளம்பலாம். ஹெபடைடிஸ் சி மருந்தான சோஃபோஸ்புவிரோடு, இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரும் அமியோடரோன் சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

அடுத்த சறுக்கல் தேதிக் கணக்கு. சோஃபோஸ்புவிர்-வெல்பட்டஸ்விர் 12 வாரம், நாளுக்கு ஒன்றாக 84 மாத்திரை. மார்ச் 1 தொடங்கினால் மே 23 முடியும். இரண்டாவது பாட்டில் 6 நாள் தாமதமானால் கடைசி மாத்திரை மே 29. குணமானதை உறுதிசெய்யும் ஆர்.என்.ஏ. அதிலிருந்து 12 வாரம் கழித்து, ஆகஸ்ட் 21 அன்றோ பிறகோ. தொடக்கத் தேதியை வைத்துத் தாளே கணக்கிட்டால் ஆகஸ்ட் 15 என்று காட்டும். ‘கடைசி மாத்திரை’ தேதியைக் கேட்டு, கையால் நிரப்புங்கள்.

உடம்பு தேறியதும் பலர் இந்தக் கடைசிப் பரிசோதனைக்கு வருவதில்லை. அவர்களைக் குணமானவர்களோடும் சேர்க்காமல், சிகிச்சை பலிக்காதவர்களோடும் சேர்க்காமல் தனியாக எண்ணுங்கள்.

குணமானாலும் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிய நிலை) உள்ளவரின் வரிசையை மூடாதீர்கள். 6 மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேன் தேதி ஓட வேண்டும். மறுதொற்று வாய்ப்புள்ளவருக்கு ஆர்.என்.ஏ. மட்டும் பாருங்கள், ஆன்டிபாடி குணமான பிறகும் பாசிட்டிவாகவே நிற்கும்.