நெஞ்சுப் பட்டி இல்லாத இதயத்துடிப்புக் கடிகாரம்: வாங்குமுன் இதைப் படியுங்கள்

சென்ற மாதம் கொழும்பு பம்பலப்பிட்டியில் உள்ள ஒரு கடையில், நெஞ்சில் பட்டி கட்டாமலே இதயத்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை 14,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எனக்கு 54 வயது. வேகநடையின்போது துடிப்பு நிமிடத்துக்கு 130ஐத் தாண்டக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அந்த எல்லையைக் கவனிப்பதற்காகவே வாங்கினேன். “அண்ணை, ஆஸ்பத்திரியில பாவிக்கிற அதே சென்சர்” என்று விற்பனையாளர் உறுதியாகச் சொன்னார். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரோ முகவரியோ இல்லாததை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும்.

வெள்ளவத்தை மரைன் டிரைவில் மூன்று மாலைகள் நடந்தேன். எவ்வளவு வேகமாக நடந்தாலும் 78, 82, 84 என்றே காட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மூச்சு வாங்கவே, ரயில் பாதையோரம் நின்று, கழுத்து நாடியில் இரண்டு விரல்களை வைத்து 15 விநாடிகள் எண்ணினேன். 36 துடிப்புகள், நான்கால் பெருக்கினால் 144. மணிக்கட்டில் அப்போதும் 84. வீட்டுக்கு வந்ததும் சுருட்டிய துவாயொன்றில் அதைக் கட்டிப் பார்த்தேன். பச்சை விளக்கு மினுங்கியது, சற்று நேரத்தில் 76 என்று வந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: நல்ல கடிகாரங்களும் சிலவேளை உயிரற்ற பொருளில் ஏதோவோர் எண்ணைக் காட்டுவதுண்டு. இவை தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, ஒவ்வொரு துடிப்பிலும் இரத்த ஓட்டம் மாறுவதற்கேற்பத் திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதை வைத்தே கணக்கிடுகின்றன. பட்டி தளர்ந்திருந்தாலோ, கை அதிகம் அசைந்தாலோ, அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தாலோ அளவு பிழைக்கும். ஓடும்போது காலடிகளின் வேகத்தையே துடிப்பாக எடுத்துக்கொள்வதும் உண்டு. இதயத்தின் மின்சமிக்ஞையை அளக்கும் நெஞ்சுப் பட்டி இந்த வகையில் நம்பகமானது. ஆனால் பட்டியை இறுக்கிக் கட்டி, அசையாமல் நின்று பார்த்தபோதும் 84ஐ விட்டு நகராத கடிகாரம் பிழையாக அளக்கவில்லை, அளக்கவே இல்லை என்பதே என் முடிவு. அதை நம்பி நான் மூன்று நாட்கள் எல்லையைத் தாண்டி நடந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் பதறுகிறது.

திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, கடிகாரம் இயங்காவிட்டால் மட்டுமே உத்தரவாதம் செல்லும் என்றும், என்னுடையது நன்றாக இயங்குகிறது என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே வாங்க நினைப்பவர்கள் கடையிலேயே மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே அதை இறுக்கமாக அணிந்து, முதலில் ஒரு நிமிடம் அமைதியாக இருந்தும், பிறகு இரண்டு மாடிப்படிகள் விரைவாக ஏறியும், இரண்டு தடவையும் விரலால் எண்ணிய நாடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாடியேறக் கூடாதவர்கள் வேறொருவரைக் கொண்டு சோதிக்கலாம். அதற்கு இடங்கொடாத கடையில் வாங்க வேண்டாம். பற்றுச்சீட்டில் மாதிரியின் பெயரையும் எழுதி வாங்குங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், வாங்கிய மூன்று மாதங்களுக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் விசாரிக்கலாம். பற்றுச்சீட்டின் பிரதியோடு என் கடிதத்தை நேற்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.