காடு திருத்த ஆள் பிடிக்கிறீர்களா? மரத்தை அளக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

மரம் மண்டிக் கிடக்கும் நிலத்தைத் திருத்த வேண்டும் என்று நாலு பேரிடம் சொன்னாலே போதும், ஒருவர் தேடி வந்துவிடுவார். தம்மை வனவியல் நிபுணர் என்பார். அரை மணி நேரம் நிலத்தைச் சுற்றி வந்துவிட்டு, "உங்களுக்கு ஒரு செலவும் இல்லை. மரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், அதற்கு ஈடாக நிலத்தைச் சுத்தமாக்கித் தந்துவிடுகிறேன்" என்பார். கேட்கும்போது இனிக்கும். நிலத்துக்காரர்கள் ஏமாந்த கதைகளில் பெரும்பாலானவை இந்தப் பேச்சில்தான் தொடங்கியிருக்கின்றன.

பிறகு நடப்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். முதலில் நேராக, பருமனாக நிற்கும் மரங்கள் மட்டும் சாயும். லாரிகள் வரிசையாக வந்து ஏற்றிப் போகும். அந்த நாட்களில் ஆட்கள் விடியற்காலையிலேயே வந்துவிடுவார்கள். நல்ல மரம் தீர்ந்ததும் பொக்லைன் பழுதாகிவிடும், பிறகு ஓட்டுநர் ஊருக்குப் போய்விடுவார், பிறகு கைப்பேசி எடுக்கப்படாது. நிலத்தில் மிச்சம் இருப்பவை: அடிக்கட்டைகள், கழித்துப் போட்ட கிளைகள், கோணல் மரங்கள், முள் புதர். திருத்துவதற்கு முன்பு இருந்ததைவிட நிலம் இப்போது மோசம். செலவை ஈடுகட்டியிருக்கக்கூடிய மரம் போய்விட்டது. கிளைக் குவியலுக்கு அடியில் கட்டைகள் மறைந்திருப்பதால் அடுத்து வரும் ஆளும் கூடுதலாகக் கேட்பார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் "மரங்களை வெட்டி அகற்றுதல்" என்று ஒற்றை வரி இருக்கும். மரத்தை வெட்டினார், அகற்றினார். வேரோடு மண்ணில் நிற்கும் அடிக்கட்டையான தூரைப் பற்றியும் கிளையைப் பற்றியும் அதில் ஒரு சொல் இல்லை.

எனவே முதல் விதி: மரத்தைப் பற்றி உங்களுக்கு ஆலோசனை சொல்பவரும் அந்த மரத்தை வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வாங்குபவரே மதிப்பிட்டால் மதிப்பு குறைவாகத்தான் வரும். ஆலோசகருக்கான கூலியையும் விற்பனையில் இத்தனை சதவீதம் என்று பேசாதீர்கள். அப்படிப் பேசினால் நிற்க வேண்டிய மரத்தையும் வெட்டச் சொல்வதில் அவருக்கு லாபம். நாள் கணக்கிலோ மொத்தமாகவோ ஒரு தொகை பேசுங்கள். அவருடைய வேலை மரங்களை எண்ணி, அளந்து, குறியிட்டு, இனவாரியாகப் பட்டியல் தருவது. அந்தப் பட்டியலைப் பல வியாபாரிகளிடம் கொடுத்து, மூடிய உறையில் விலை கேளுங்கள். மரத்தை விற்பதும் நிலத்தைத் திருத்துவதும் இரண்டு தனி ஒப்பந்தங்களாக இருக்கட்டும். ஒன்றுக்கொன்று ஈடு என்று கலந்துவிட்டால் இரண்டின் கணக்கும் உங்களுக்குத் தெரியாமலே போகும்.

சிறிய நிலம் என்றால் ஒவ்வொரு மரத்தையும் அளக்க வேண்டும். பெரிய நிலத்தில் மாதிரி வட்டங்கள் போட்டு, அவற்றுக்குள் நிற்கும் மரங்களை மட்டும் அளந்தால் போதும்: 11.28 மீட்டர் ஆரத்தில் கயிறு பிடித்து வட்டம் போட்டால் அது 400 சதுர மீட்டர், அதாவது ஹெக்டேரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. வட்டங்களை நிலம் முழுக்கச் சீரான இடைவெளியில் போடச் சொல்லுங்கள். பாதை ஓரமாக மட்டும் போட்டால் உள்ளே நிற்கும் பெரிய மரங்கள் கணக்கில் வராது.

அளவில் நடக்கும் திருட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது உங்கள் கண் முன்னாலேயே நடக்கும். உருட்டு மரத்தைக் கால் சுற்றளவு முறையில் கணக்கிடுவது வியாபாரத்தில் வழக்கம். சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நான்கால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, அடியில் எடுத்த நீளத்தால் பெருக்கி, 144 ஆல் வகுத்தால் கன அடி. 60 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 15.6 கன அடி. உருளையின் உண்மைக் கன அளவு 19.9. அதாவது இந்த முறையே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்குபவருக்கு விட்டுக்கொடுக்கிறது. அறுவையில் வீணாவதற்கு என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். விலையும் அந்தக் கணக்கை வைத்துத்தான் பேசப்படுகிறது என்பதால் அதில் தவறில்லை. ஆனால் அதற்கு மேலும் "பட்டைக் கழிவு", "அறுவைக் கழிவு" என்று குறைத்தால் ஒரே கழிவை இரண்டு முறை எடுக்கிறார்கள்.

சுற்றளவை மரத்துண்டின் நடுவில் எடுக்க வேண்டும். மெல்லிய நுனியில் டேப்பைப் போடுவது பழைய தந்திரம். நடுவில் 60 அங்குலம் உள்ள அதே துண்டு நுனியில் 48 என்றால் கணக்கு 10 கன அடியாக இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. டேப்பை இழுத்துப் பிடித்து 60ஐ 57 என்று எழுதினால்கூடக் கன அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும், ஏனென்றால் சுற்றளவில் விடும் பிழை கணக்கில் இருமடியாகிறது. டேப்பின் ஒரு முனையை உங்கள் ஆள் பிடிக்கட்டும். எழுதுவதும் இரண்டு நோட்டில் நடக்கட்டும்.

எடைக்கு விற்றால் வெற்று லாரியின் எடைதான் கவனிக்க வேண்டிய இடம். ஆட்கள் ஏறியிருக்க, தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்க வெற்று எடை போட்டால், அந்தக் கூடுதல் எல்லாம் உங்கள் மரத்திலிருந்து கழியும். வெட்டிய மரம் நாளுக்கு நாள் ஈரம் இழந்து எடை குறையும். வெட்டிப் போட்டுவிட்டு ஏற்றாமல் இழுத்தடிப்பதன் காரணம் பல சமயம் இதுதான். வெட்டியதிலிருந்து எத்தனை நாளுக்குள் எடை போட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். "லோடு" கணக்கில் விற்கவே விற்காதீர்கள். லோடுக்கு அளவே கிடையாது.

குறியிடுவதில் பலரும் பாதி வேலையோடு விட்டுவிடுகிறார்கள். நெஞ்சு உயரத்தில் பெயிண்ட் அடித்தால் மரத்தோடு குறியும் லாரி ஏறிவிடும். அதே எண்ணை வெட்டும் மட்டத்துக்குக் கீழே, வேரடியிலும் எழுத வேண்டும். வெட்டி முடிந்தபின் கட்டைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் குறி இல்லாத கட்டை ஒவ்வொன்றும் திருட்டு மரம் என்று தெரிந்துவிடும். நிழலுக்கோ நீரோடைக் கரைக்கோ விட்டுவைக்கும் மரங்களுக்கு வேறு நிறம் அடியுங்கள்.

அடுத்தது தூர். தைல மரம், தேக்கு, சீமைக் கருவேலம் போன்றவற்றைத் தரையோடு வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டுகள் வரும். பைன் வகைகளில் பெரும்பாலானவை துளிர்ப்பதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரியாதவரை நிபுணர் என்று நம்ப வேண்டாம். துளிர்க்கும் இனங்களைத் தூரோடு பிடுங்க வேண்டும், அல்லது வெட்டிய சில நிமிடங்களுக்குள் கட்டையின் விளிம்பில், பட்டைக்கு உட்புறமாக ஓடும் வளையத்தில் களைக்கொல்லி பூச வேண்டும். மறுநாள் வந்து பூசினால் வெட்டுமுகம் காய்ந்து மருந்து உள்ளே இறங்காது. மருந்தில் சாயம் கலக்கச் சொன்னால் எந்தக் கட்டை விடுபட்டது என்பது தூரத்திலிருந்தே தெரியும்.

பிடுங்குவதாக இருந்தால் வேலையின் வரிசை முக்கியம். ஒரு மீட்டர் உயரம் விட்டு வெட்டினால் இயந்திரத்துக்குப் பிடி கிடைக்கும், கட்டையை அசைத்துப் பெயர்க்கலாம். வெட்டுபவர் தரையோடு வெட்டிவிட்டுப் போனால், பின்னால் வரும் பொக்லைன் ஒவ்வொரு கட்டையையும் சுற்றித் தோண்ட வேண்டும். மணிக்கணக்கில் காசு கொடுக்கும் உங்களுக்குத்தான் அந்த நட்டம். பிடுங்கிய தூர்களை அங்கேயே குழி தோண்டிப் புதைக்க விடாதீர்கள். மட்கியதும் நிலம் உள்வாங்கும், கரையானும் சேரும்.

மணிக்கூலி என்றால், தொடங்கும் முன் 20க்கு 20 மீட்டர் சதுரம் ஒன்றைக் குறித்துக் கொடுத்து, அதை முழுதாகத் திருத்திக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஆன நேரத்தை 25 ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேருக்கான கணக்கு. புதர் குறைந்த மூலையை அவர் தேர்ந்தெடுக்கக் கூடாது, சுமாரான அடர்த்தி உள்ள இடத்தை நீங்கள் காட்டுங்கள். தினமும் காலையிலும் மாலையிலும் இயந்திரத்தின் மணி மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடத் திரும்ப வாங்க முடியாத இழப்பு மேல்மண். தட்டைத் தகடு வைத்த புல்டோசர் கட்டையோடு சேர்த்து வளமான மேல்மண்ணையும் வழித்து வரப்பு ஓரத்தில் குவித்துவிடும். பார்க்க நிலம் கண்ணாடிபோல் இருக்கும், பணம் கொடுத்துவிடுவோம். பயிர் வைத்த பிறகுதான் அடிமண்ணில் எதுவும் எழும்பவில்லை என்று தெரியும். பற்கள் இடைவெளிவிட்ட ரேக் பொருத்திய இயந்திரம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். குவியலில் கம்பியைக் குத்திப் பாருங்கள். கட்டைகளுக்கு நடுவே மண்தான் நிறைந்திருந்தால் வேலையை அப்போதே நிறுத்துங்கள்.

மண் ஈரமாக இருக்கும்போதும் கனரக இயந்திரம் இறங்கக் கூடாது. ஒரு சாண் ஆழத்திலிருந்து கைப்பிடி மண் எடுத்து உள்ளங்கையில் திரியுங்கள். உடையாமல் மெல்லிய திரியாக நீண்டால் இன்னும் காய வேண்டும். ஆள் காத்திருக்கிறான் என்று அவசரப்பட்டால் சக்கரம் ஏறிய தடமெல்லாம் இறுகிப்போய்ப் பல ஆண்டுகளுக்கு வேர் இறங்காது.

எல்லையை அளவையரை வைத்து, பக்கத்து நிலத்துக்காரர் முன்னிலையில் குறியுங்கள். அடுத்தவர் மரம் ஒன்று சாய்ந்தாலும் கேள்வி முதலில் உங்களிடம்தான் வரும். வெட்டும் அனுமதி தேவைப்படும் இடமாக இருந்தால் "வாங்கிவிட்டோம்" என்ற வாய்ச்சொல்லை ஏற்காமல், நில எண்ணும் மரங்களின் எண்ணிக்கையும் காலாவதி நாளும் உள்ள தாளையே கையில் வாங்கிப் பாருங்கள். தொழிலாளர் விபத்துக் காப்பீட்டையும் காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

மரத்துக்கான பணம் லாரி வெளியேறும் முன் உங்கள் கைக்கு வர வேண்டும். திருத்தும் கூலியை வேலை முடிந்த பரப்புக்கு மட்டும் தவணையாகக் கொடுங்கள், இயந்திரம் வந்து நின்றதற்காகக் கொடுக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, முதல் நல்ல மழைக்குப் பின் சில வாரம் கழித்து இருவருமாக நிலத்தை நடந்து பாருங்கள். துளிர்த்த தூர்களை எண்ணி, அவற்றை எடுத்த பிறகே மீதியைக் கொடுப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரியை எழுத மறுப்பவரிடம் நிலத்தைக் கொடுக்க வேண்டாம்.